குளிராத ஃப்ரிட்ஜ்

அன்று காலை வாசல் வரை போன என் கணவர் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. நேரே சமையலறைக்குள் போய், மூலையில் நின்ற சின்ன ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து, உள்ளே இருந்த முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்தார்.

"செருப்புக் காலோட உள்ள வராதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? இப்பத்தான் துடைச்சேன்."

"நான் எங்க வந்தேன்? செருப்புதான் வந்துச்சு. நான் அது மேல நின்னேன்."

"பேச்சைக் குறைச்சிட்டுக் கிளம்புங்க."

"சாயங்காலம் நீ ஒரு தடவை புரட்டிடு. பெருக்கல் குறி மேல வரணும், மறந்துடாத."

"மறக்க மாட்டேன். உங்க குஞ்சுங்களை நான் பாத்துக்கறேன், போங்க."

கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார். "குஞ்சுங்களா? நேத்து வரைக்கும் முட்டைன்னுதானே சொல்லிட்டு இருந்த?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கடுப்பில் நான் துடைக்கிற துணியை எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். தரையில் இருந்த செருப்புத் தடத்தைத் துடைத்துவிட்டு நானும் வேலைக்குக் கிளம்பினேன்.

மதியத்துக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. ஒரு மாடி வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டிய கம்ப்ரஸரைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறியவர், பாதியில் அதை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில், இதயம் என்றார்கள். வலியை அதிகம் உணர்ந்திருக்க மாட்டார் என்றும் சொன்னார்கள். அதைச் சொன்ன அந்த நர்ஸுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுக்கும் பவருக்கு வந்த லென்ஸை, வாங்குகிறவர் தேர்ந்தெடுத்த ஃப்ரேமுக்குள் பொருந்துகிற மாதிரி ஓரம் தேய்த்துக் கொடுப்பது என் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி மற்றவர்கள் கவலைப்படுவதை நிறுத்திய பிறகு நாங்களும் நிறுத்திவிட்டோம். இருவருக்கும் பேச்சுத் துணை இருந்தது. வாக்குவாதம் என்று வைத்துக்கொண்டாலும் சரிதான்.

முட்டை விவகாரமும் ஒரு வாக்குவாதத்தில்தான் ஆரம்பித்தது. வழக்கமாக வாங்கும் வெள்ளை முட்டை தீர்ந்துபோயிருந்ததால், ஒரு நாள் கடையிலிருந்து பழுப்பு முட்டைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். மூடியில் பச்சைப் புல்வெளி, நாலைந்து கோழிகள், நடுவில் ஒரு சேவல்.

"இந்தச் சேவலுக்கு இங்க என்ன வேலை?" என்றார், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

"எல்லா வீட்லயும் இருக்கிற வேலைதான். சும்மா நிக்குது."

அவர் காதில் வாங்கவில்லை. ஒரு முட்டையைத் தட்டில் உடைத்து ஊற்றிக் குனிந்து பார்த்தார். "இங்க வா, இங்க வா. உன் பூதக்கண்ணாடியை எடுத்துட்டு வா."

லென்ஸில் கீறல் பார்க்கிற சின்ன உருப்பெருக்கி ஒன்று என் கைப்பையில் எப்போதும் கிடக்கும். அதை வைத்துப் பார்த்தேன். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு, அதைச் சுற்றி ஒரு வளையம். குட்டையில் ஒரு துளி விழுந்தால் விரியுமே, அந்த மாதிரி.

"பொட்டு மட்டும் இருந்தா வெறும் முட்டை. வளையம் இருந்தா சேவல் சேர்ந்த முட்டை. இது குஞ்சாகியிருக்க வேண்டியது" என்றார்.

"அதெல்லாம் கோழி உடனே அடைகாத்தா. இது எத்தனை நாள் கடைக் குளிர்ல கிடந்துச்சோ. என்னைக்கோ செத்திருக்கும்."

நான் அவர் பரம்பரையையே திட்டிவிட்ட மாதிரி நிமிர்ந்தார். "குளிர் கொல்லாது. நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். இத்தனை வருஷமா அந்த ஒண்ணை நம்பித்தான் நான் சோறு தின்னுட்டு இருக்கேன்."

"அப்போ கடை முட்டையில குஞ்சு வரும்ங்கறீங்க?"

"வர வைக்கறேன், பாக்கறியா?"

"வரட்டும். பாத்துட்டு ஒத்துக்கறேன்."

இவ்வளவும் பேசிவிட்டு, குஞ்சாகியிருக்க வேண்டிய அந்த முட்டையைப் பொரித்து, உப்பு மிளகு தூவி, அவரே சாப்பிட்டார். "பாவம், இவன் கொஞ்சம் முந்திட்டான்" என்றார்.

யாரோ வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் அவர் பட்டறையில் இருந்தது. அதன் பின்னாலிருந்த கம்ப்ரஸரை ஏற்கெனவே வேறெதற்கோ கழற்றியிருந்தார். வெறும் கூடு. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மூலையில் நிறுத்தினார்.

"சூடு வேணும்னு சொல்லிட்டு ஃப்ரிட்ஜைக் கொண்டு வர்றீங்களே" என்றேன்.

"ஃப்ரிட்ஜுன்னா என்ன? உள்ள இருக்கறதை வெளிய விடாத பெட்டி. குளிரை வெச்சா குளிரைக் காப்பாத்தும், சூட்டை வெச்சா சூட்டைக் காப்பாத்தும். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

உள்ளே ஒரு குண்டு பல்பைப் பொருத்தினார். சூடு கூடினால் பல்பை அணைத்து, குறைந்தால் எரியவைக்கிற தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைச் சேர்த்தார். காற்று காயாமலிருக்க ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். கம்பித் தட்டில் ஒரு பழைய துண்டை விரித்து, மிச்சமிருந்த பழுப்பு முட்டைகளை அதன் மேல் வரிசையாக அடுக்கினார். லென்ஸில் நடுப்புள்ளி வைக்கிற என் பேனாவால் ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி போட்டார். காலையில் குறி கீழே, மாலையில் மேலே. புரட்டாமல் விட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

இந்த ஏற்பாடு எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். முக்கியமாக ஒல்லிக்குத் தெரியக் கூடாது என்பது அவர் கட்டளை.

ஒல்லி அவருடைய தொழில் கூட்டாளி. ஆள் வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. அதனால்தான் அந்தப் பெயர். இருவரும் ஒரே பட்டறையில் எத்தனையோ வருஷமாக ஒன்றாக வேலை செய்தவர்கள். ஒரு முறை இவர் வீட்டிலேயே ஏதோ குளிர்காற்றுப் பெட்டி செய்கிறேன் என்று கிளம்பி, அது சுவரெல்லாம் தண்ணீர் துப்ப, ஒல்லி அதைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி, மாதக்கணக்கில் "அண்ணே, குடை எடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"குஞ்சு வந்ததும் அவன் மூக்குக்கு நேரா நீட்டறேன். அதுவரைக்கும் நீ மூச்சு விடாத" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார்.

அவர் போவதற்கு முந்தின நாள் மாலை, கடையிலிருந்து நான் கொண்டுவந்த பேனா டார்ச்சை ஒரு முட்டையின் கீழ் பிடித்து, சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தோம். முட்டை ஆரஞ்சு விளக்காக எரிந்தது. உள்ளே நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள், நடுவில் ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளி துடித்தது. நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஒத்துக்கறியா?" என்றார். "முதல்ல வெளிய வரட்டும்" என்றேன். ஆனால் அதற்குப் பிறகு என்னால் அதை முட்டை என்று சொல்ல முடியவில்லை.

மருத்துவமனை, மயானம் எல்லாம் முடிந்து மறுநாள் மதியம் வீட்டுக்குத் திரும்பியபோது வீடு நிறைய ஆட்கள். யார் யாரோ வந்தார்கள். அவர் பழுது பார்த்த ஃப்ரிட்ஜ்களின் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்தார்கள். எனக்கு முகம் தெரியாத ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டு ஐஸ் பெட்டியை அவர்தான் காப்பாத்தினார்" என்று சொல்லி அழுதார். நான் படுக்கையறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். முட்டை நினைவே எனக்கு இல்லை.

சமையலறையில் நடந்ததை எல்லாம் பிறகுதான் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வந்தவர்களுக்கு டீ போட யாரோ பால் வாங்கி வந்திருக்கிறார்கள். கூடத்தில் இருக்கும் பெரிய ஃப்ரிட்ஜில் இடமில்லை. சமையலறை மூலையிலும் ஒன்று நிற்கிறதே என்று பாலை அதில் வைத்திருக்கிறார்கள். சில மணி நேரம் கழித்து எடுத்தால் பால் திரிந்து கட்டி கட்டியாக நின்றிருக்கிறது.

என் நாத்தனாருக்கு, அதாவது அவருடைய அக்காவுக்கு, துக்கத்தில் இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. "ஊர் உலகத்துக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் பாத்தவன், சொந்த வீட்டு ஃப்ரிட்ஜைப் பாக்காமப் போயிட்டானே" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார்.

கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சமையலறை வாசலில் நின்றிருந்த ஒல்லிக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாது. போய்த் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே வெதுவெது என்று சூடு. பல்பு சுட்டது. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கதவை மூடினால் உள்விளக்கு அணைய வேண்டும். அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. அது கெட்டால் விளக்கு உள்ளேயே எரிந்து பெட்டியைச் சூடாக்கும். அவர்கள் தொழிலில் முதல் நாளே கற்றுக்கொள்கிற பாடம் அது. பல்பைக் கழற்றினார். பின்பக்கம் பார்த்தால் கம்ப்ரஸரும் இல்லை. அதைப் பார்த்ததும் அங்கேயே நின்று அழுதிருக்கிறார். "எந்த வீட்டுல அவசரம்னு கேட்டாங்களோ, கழட்டிக் குடுத்திருக்கார். அண்ணன் குணம் எனக்குத் தெரியாதா?"

முட்டைகளைப் பார்த்தார். ஃப்ரிட்ஜுக்குள் முட்டை இருப்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? இந்தச் சூட்டில் கெட்டுப்போகுமே என்று ஒவ்வொன்றாகப் பத்திரமாக எடுத்து, கூடத்து ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் குழிகளில் அழகாக அடுக்கினார். நாளைக்கே நல்ல கம்ப்ரஸர் ஒன்று கொண்டுவந்து மாட்டிவிடுவது என்றும் முடிவு செய்துகொண்டார்.

மாலையில் நாத்தனார் எனக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று நினைத்தார். முந்தின நாளிலிருந்து நான் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. கூடத்து ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் கிண்ணத்தில் உடைத்தார்.

அவர் போட்ட சத்தம் படுக்கையறைக்குக் கேட்டது. "ஐயோ, ரத்தம்!"

நான் எழுந்து போனேன். கிண்ணத்தில் சிவப்பு நூல்கள் பரவிக் கிடந்தன. நடுவில் அந்தக் கரும்புள்ளி இருந்தது. துடிக்கவில்லை.

இரண்டு நாளில் நான் வாயைத் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான்: "மத்த முட்டை எங்க அக்கா?"

"ஃப்ரிட்ஜுல... என்னம்மா இது? கெட்ட முட்டையா?"

கூடத்துக்கு ஓடினேன். ஃப்ரிட்ஜைத் திறந்து முட்டைகளை முந்தானையில் அள்ளிக்கொண்டேன். அப்படி அள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்தபோதுதான், அவர் போனதற்கு நான் வாய்விட்டு அழுதேன். நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே, "சரிம்மா, சரிம்மா, வேற முட்டை வாங்கிக்கலாம்" என்றார்.

வெளியே படியில் உட்கார்ந்திருந்த ஒல்லி சத்தம் கேட்டு உள்ளே வந்தார். நான் அழுகைக்கு நடுவே சொல்லி முடித்தேன். வளையம், வாக்குவாதம், பெட்டி, பல்பு, நரம்பு, எல்லாம். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"அப்போ அந்த சுவிட்ச்..."

"கெட்டுப் போகல. அது வேணும்னே போட்ட விளக்கு."

"நான்தான் அண்ணி எடுத்து வெச்சேன். நான்தான். கெட்டுப் போயிடுமேன்னு..." பெரிய உடம்பு அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தது. "போன மறுநாளே அவர் வேலையைக் கெடுத்துட்டேனே."

பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "படியேறும்போது சொன்னார் அண்ணி. 'டேய், இந்த மாசக் கடைசியில வீட்டுக்கு வா, உனக்கு ஒண்ணு காட்டணும்'னார். என்னண்ணேன்னேன். 'வந்து பாரு, அப்புறம் நீ வாயே திறக்க மாட்டே'ன்னார். ரெண்டு படி ஏறினார். அப்புறம்தான் உக்காந்தார்."

முட்டைகள் என் மடியில் இருந்தன. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தன. ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் விரலில் ஏறுமே, அந்தச் சில்லிப்பு இல்லை.

ஒல்லி ஒரு முட்டையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எழுந்து போய்க் கூடத்து ஃப்ரிட்ஜுக்குள் கையை விட்டார். மேலே, கீழே, பின்னால் தடவினார். மெக்கானிக்கின் முகம் திரும்பி வந்தது. "உள்ள குளிரே நிக்கல அண்ணி. காலையிலிருந்து வந்தவங்க எல்லாம் தண்ணி எடுக்கறேன், பால் எடுக்கறேன்னு கதவைத் திறந்துட்டே இருந்திருக்காங்க. இது வெறும் அலமாரி மாதிரிதான் இருந்திருக்கு."

அன்று வீட்டுக்கு வந்து, வெயிலில் நடந்த களைப்பில் தண்ணீர் கேட்ட ஒவ்வொருவரையும் நான் இப்போது நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு நன்றி சொல்ல வழியில்லை. சொன்னாலும் எதற்கு என்று விளங்காது.

"குளிர் கொல்லாது. நிறுத்தி வைக்கும்" என்றேன்.

"அண்ணன் சொல்றதா?"

"ஆமா."

ஒல்லி பல்பை எடுத்தார். சின்ன ஃப்ரிட்ஜின் முன் மண்டியிட்டு, என் கணவர் செய்திருந்த ஒயர் இணைப்புகளை முதல் முறையாக நிதானமாகப் பார்த்தார். சூடு காட்டும் கருவியைத் தட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க அண்ணி. நாம குளிரை விடாம இருக்கப் போடற கதவு ரப்பரையே, சூட்டை விடாம இருக்க ஒட்டியிருக்கார். கடன்காரன் மாதிரி எவ்வளவு ரகசியமா வேலை பாத்திருக்கார்! என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன தின்னுடவா போறேன்?"

"நீ தின்னுடுவேன்னு பயந்துதான் சொல்லல" என்றார் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பல்பு எரிந்தது. முட்டைகள் துண்டின் மேல் திரும்பிப் போயின.

அதன் பிறகு வந்த நாட்களில் எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெட்டிக்குள் ஏதாவது உயிரோடு இருக்கிறதா? அவர் வீட்டில் கைவைத்த வேலைகளில் முடியாமல் நின்றது அது ஒன்றுதான். ஒல்லிக்கும் அதே கவலை, இன்னும் கனமாக. தினமும் பட்டறையை மூடிவிட்டு நேராக வருவார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கிரீஸ் வாசம் போகவில்லை என்று மறுபடி கழுவி, சூட்டைப் பார்த்து, தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவிட்டு உட்காருவார்.

இரண்டு நாட்கள் கழித்து டார்ச் பிடித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒல்லி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நீங்களே பாத்து சொல்லுங்க அண்ணி."

முதல் முட்டையில் நரம்புகள் எல்லாம் கரைந்து, ஓட்டை ஒட்டி ஒரே சிவப்பு வளையமாக நின்றிருந்தது; உயிர் போயிருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது வெறும் வெளிச்சம். ஆரம்பத்திலேயே ஒன்றும் இல்லாத முட்டை. நான் ஒவ்வொன்றாக ஓரமாக எடுத்து வைக்கும் சத்தம் சுவரைப் பார்த்து நின்றவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கழுத்து வேர்த்தது.

கடைசிக்கு முந்தின முட்டையில் நரம்புகள் அப்படியே இருந்தன. புள்ளி பெரிதாகியிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அது ஒரு முறை, தூக்கத்தில் புரள்கிற மாதிரி, அசைந்தது.

"ஒல்லி அண்ணே, திரும்புங்க."

"இருக்கா?"

"இருக்கு."

அவர் திரும்பி வந்து அதையும், வெறும் சிவப்பு வளையமாகிவிட்டிருந்த கடைசி முட்டையையும் பார்த்தார். பார்த்துவிட்டு நாத்தனாரிடம் போய், "அக்கா, ஒண்ணு இருக்கு அக்கா" என்று, அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்ததை மறந்து, செய்தி சொன்னார்.

நாத்தனார் ஊருக்குக் கிளம்ப வேண்டியவர், "இந்தக் கூத்து முடியட்டும்" என்று தங்கிவிட்டார். அவருக்கு அந்த ஒற்றை முட்டையோடு பேச்சு வார்த்தை ஏற்பட்டுவிட்டது. காலையில் புரட்டும்போது, "என்ன, நல்லாத் தூங்கினியா? அத்தை வந்திருக்கேன்" என்பார். மாலையில் ஒல்லியைக் கண்டால், "நீ பேசாம அந்தப் பெட்டிக்குள்ள உக்காந்துக்கோ. உன் உடம்புச் சூட்டுக்கு ரெண்டு நாள்ல பொரிச்சிடும். பல்புச் செலவு மிச்சம்" என்பார். ஒல்லி கோபப்பட்டதே இல்லை. "நான் உக்காந்தா கதவு மூடாதே அக்கா" என்பார்.

நாங்கள் மூவரும் அப்படி உட்கார்ந்து பேசிய மாலைகள் எனக்கு வாய்த்திருக்காவிட்டால் அந்த நாட்களை எப்படிக் கடந்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எவ்வளவு அன்பாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் பேச்சு தீர்ந்துவிடும். எங்களுக்குத் தீரவில்லை. சூடு ஏறிவிட்டதா, இறங்கிவிட்டதா, தண்ணீர் போதுமா, மின்சாரம் போனால் என்ன செய்வது. வேலை இருந்தது. அந்த வேலைக்கு நடுவில் அவரைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருந்தது. யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

முட்டை வைத்த நாளிலிருந்து மூன்று வாரத்தில் குஞ்சு வரவேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். மூன்று வாரம் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

ஒல்லி அன்று வந்தவர் சட்டைக் கையை மடக்கவில்லை. சமையலறை வாசலிலேயே நின்றார்.

"அண்ணி, விட்டுடலாம். நீங்க தினமும் அதையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. கடைக்கும் போகல. நான் கெடுத்ததுதான். எத்தனை நாள் அதை வெச்சுப் பாத்துட்டு இருப்பீங்க?"

"நின்ன நேரத்தைச் சேத்துக்கணும் இல்ல?"

"எந்த நேரம்?"

"குளிர்ல நின்ன நேரம். அவர் கணக்குப்படி அது சாகல, நின்னுது. நின்ன நேரத்தை அப்படியே கடைசியில போடணும். சூடு மறுபடி ஏற எடுத்த நேரத்தையும் போடணும். இன்னும் ஒரு நாள் பாப்போம்."

உண்மையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் வாதத்தை அவருக்காக எடுத்துப் பேசுவதற்கு நான் ஒருத்திதான் மிச்சமிருந்தேன். இத்தனை காலம் எதிர்க்கட்சியில் இருந்ததில் அவர் வாதம் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

மறுநாள் மதியம் நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "உன் ஃபோன் அடிக்குது பாரு" என்றார்.

"ஃபோன் என் கையிலதான் இருக்கு அக்கா."

இருவரும் குழாயை மூடிவிட்டு நின்றோம். மெலிதாக, கதவுக்கு உள்ளேயிருந்து, ஒரு கீச் வந்தது.

ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து.

நாத்தனார் ஈரக்கையோடு ஒல்லிக்குப் போன் போட்டார். "வா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் என்ன நினைத்தாரோ, பட்டறையைத் திறந்துபோட்டபடியே ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்க வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "யாருக்கு என்ன?"

"உள்ள வா. வெளிச்சத்தை மறைக்காத."

கதவை லேசாகத் திறந்து பார்த்தோம். ஓட்டில் நட்சத்திரம் போல ஒரு வெடிப்பு. உள்ளேயிருந்து ஏதோ தட்டியது. பிறகு ஓய்ந்தது. மறுபடி தட்டியது. நாங்கள் கதவை மூடிவிட்டு, சூடு போய்விடக் கூடாதே என்று திறக்காமல், காதை வைத்து மாறி மாறிக் கேட்டோம். நீண்ட நேரம் சத்தமே இல்லை.

ஒல்லிக்குத் தாங்கவில்லை. மேல்பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "லேசா ஒரு நெம்பு நெம்பி விடட்டுமா அண்ணி? கஷ்டப்படுது."

"அதை உள்ள வைங்க. அதுவே வரணும். நாம உடைச்சா ரத்தம் வந்துடுமாம், அவர் சொன்னார்."

"எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போயிருக்கார். என்கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லல."

"இப்போ காட்டறார், பேசாம பாரு" என்றார் நாத்தனார்.

பொழுது சாயும் நேரம் மறுபடி திறந்தபோது வெடிப்பு வளையமாகச் சுற்றி வந்திருந்தது. முட்டையின் தலை தொப்பி போலக் கழன்று விழுந்தது. ஈரமாக, எலும்பும் தோலுமாக, இது கோழிதானா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஒன்று துண்டின் மேல் உருண்டு, கழுத்தைத் தூக்க முடியாமல் கிடந்தது.

"என்னம்மா இது, சாயத்துல முக்கின பிரஷ் மாதிரி இருக்கு" என்றார் நாத்தனார். சொல்லிக்கொண்டே அழுதார்.

குஞ்சு காலை உதறி ஒரு முறை எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. வாயைத் திறந்து எங்கள் மூவரையும் பார்த்து உரக்கக் கத்தியது. ஒல்லி தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பு முழுவதும் குலுங்க அழுதார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு ஒண்ணு காட்டணும்னு சொன்னாரே, அது இதுதான் அண்ணே" என்றேன். "நீங்க எடுத்து வெச்ச குளிர்லயும் சாகாம வந்திருக்கு. அதனால உங்க மேல ஒண்ணும் இல்லை. அவர் சொன்ன மாதிரி வாயைத் திறக்காதீங்க."

அவர் சிரித்தார். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே கையை நீட்டி, ஒரு விரல் நுனியால் குஞ்சின் முதுகைத் தொட்டார். தொட்டுவிட்டு, கிரீஸ் பட்டுவிட்டதோ என்று விரலைப் பார்த்துக்கொண்டார்.

நான் ஒத்துக்கொண்டேன். யாரிடம் சொல்வது என்று தெரியாமல், "சரி, கடை முட்டையிலயும் வரும்" என்று சமையலறைக்குப் பொதுவாகச் சொன்னேன். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுப்பை மூட்டினார். அன்று மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு உண்மையாகவே பசித்தது.

குஞ்சு காய்ந்து பஞ்சுப் பந்தானதும் ஒல்லி அதை அட்டைப் பெட்டியில் வைத்துத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். அவர் வீட்டில்தான் பின்புறம் மண்தரை இருக்கிறது. நாத்தனார் மறுநாள் காலை ஊருக்குப் புறப்பட்டார். போகும்போது காலியான ஃப்ரிட்ஜைத் திறந்து, பழக்க தோஷத்தில், "வரேன்" என்றார்.

பெட்டிக்குள் பார்த்துக்கொள்ள இனி ஒன்றும் இல்லாததால், நான் பல்பை அணைத்து, துண்டைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். கடை வாசலில் முதலாளி சாவியோடு நின்றுகொண்டிருந்தார். இருவரும் குனிந்து ஷட்டரைத் தூக்கினோம். அது இடுப்பு உயரத்தில் சிக்கிக்கொண்டது. நான் இடது தோளைக் கொடுத்துத் தள்ளினேன், மேலே போனது.

இன்றைக்கும் அந்த இடத்தில்தான் சிக்குகிறது. கொஞ்சம் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான்.